ஏழாம் அறையின் நாற்பத்திரண்டாவது நிமிடம்

இது யாரோ சொல்லிக் கேட்ட கதை இல்லை. எனக்கே நடந்தது. இருட்டில் நடக்கவில்லை, சுடுகாட்டுப் பக்கம் நடக்கவில்லை. கோடை விடுமுறையில், நான்கு புதன்கிழமைகள், மத்தியானம் மூன்று மணி நாற்பத்திரண்டு நிமிடத்துக்கு நடந்தது. வெயில் ஜன்னலைக் கொளுத்திக்கொண்டிருந்த நேரம். இவ்வளவு துல்லியமாக எப்படிச் சொல்கிறாள் என்று நினைக்காதீர்கள். நிமிடத்தையும் நொடியையும் குறித்துவைப்பதுதான் அப்போது என் படிப்பு.

பள்ளியில் ஆசிரியையாக இருந்துகொண்டே, முப்பத்தாறு வயதில், மருத்துவ உளவியல் மேற்படிப்பில் சேர்ந்தேன். வேலைக்குப் போகிறவர்களுக்காகக் கோடையில் மட்டும் நடக்கும் படிப்பு அது. கணவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். எட்டு வயது மகளை அவரிடம் விட்டுவிட்டு, ஆறு வாரம் விடுதியில் தங்க வேண்டும்.

படிப்பின் கடைசிக் கட்டம் இதுதான். கல்லூரியோடு சேர்ந்த ஆலோசனை நிலையத்தில், ஆளுக்கு ஓர் அறை. மனக்கஷ்டத்தோடு வரும் ஒருவரை நான்கு புதன்கிழமை, ஐம்பது நிமிடம் சந்தித்துப் பேச வேண்டும். பேச்சு முழுவதும் பதிவாகும். அன்று மாலையே அதைக் கேட்டு, சொல்லுக்குச் சொல் தட்டச்சு செய்ய வேண்டும். இருமினால் இருமல். பேசாமல் இருந்தால் எத்தனை நொடி என்று அடைப்புக்குறிக்குள். கடைசிப் பக்கத்தில் ஒரு வரிக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும்: 'இதில் என் பேச்சாக உள்ளவை எல்லாம் நானே பேசியவை.'

போன கோடையில் நான் தட்டச்சு செய்து கொடுத்த பிரதி தேறவில்லை. "நீ கேட்கறதே இல்லை, விசாரிக்கறே. போலீஸ்காரி மாதிரி" என்று மேடம் எல்லோர் முன்னாலும் சொன்னார். மேடம் என்றால் எங்கள் பேராசிரியை. இரண்டாவது முறையும் தேறாவிட்டால் படிப்பு அத்தோடு முடிந்தது. மூன்று கோடையாக மகளை விட்டுவிட்டு வந்ததெல்லாம் வீண்.

இந்த லட்சணத்தில், அந்த வருஷம் குருவி வந்து சேர்ந்தாள்.

இருபத்து நான்கு வயது. சின்ன உருவம், ஓயாத பேச்சு, பார்த்தவுடன் ஒட்டிக்கொள்ளும் சிரிப்பு. அதனால்தான் அந்தப் பெயர். விடுதியில் எனக்குப் பக்கத்துக் கட்டில். "அக்கா, அக்கா" என்று காலைச் சுற்றிக்கொண்டே இருப்பாள். நல்ல பெண். அதுதான் பிரச்சினையே. கெட்டவளாக இருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாகப் படுத்திருப்பேன்.

மேடம் ஒரு கேள்வி கேட்டால் நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பதில் சொல்லியிருப்பாள். அதுவும் சரியான பதிலாக. என்னைக் கொண்டுவந்து விட்ட அன்றைக்கு என் கணவர்கூட அவள் சொன்ன ஏதோ ஜோக்குக்கு விழுந்து விழுந்து சிரித்தார். என் ஜோக்குக்கு அவர் அப்படிச் சிரித்துப் பத்து வருஷம் இருக்கும்.

போனில் பேசினாலும் அதே கதைதான்.

"குருவி எப்படி இருக்கா?"

"நான் எப்படி இருக்கேன்னு கேட்கத் தோணலையா?"

"நீதான் பேசிட்டிருக்கியே. உயிரோடதான் இருக்கேன்னு தெரியுதே."

சிரித்துவிட்டு வைத்தார். நான் சிரிக்கவில்லை.

மேடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு கோடையும் முதல் வாரத்தில் எங்களுக்கு ஒரு தாளும் உறையும் கொடுப்பார். 'நீங்கள் யார்மேல் அதிகம் பொறாமைப்படுகிறீர்களோ, அவரிடம் கேட்க விரும்பும் நான்கு கேள்விகளை எழுதுங்கள்.' எழுதி, ஒட்டி, பெயர் போடாமல் நம்பர் மட்டும் போட்டுத் தர வேண்டும். யாரும் பிரிக்க மாட்டார்கள். கடைசி நாள் திருப்பித் தருவார்கள், கிழித்துப் போட்டுவிடலாம். "அடுத்தவங்க விஷத்தைக் கேட்கறதுக்கு முன்னால உங்க விஷத்தை எங்கேயாவது இறக்கி வைங்க" என்பார்.

போன வருஷம் என் அண்ணியைப் பற்றி எழுதி, கடைசி நாள் கிழித்தும் போட்டேன். இந்த வருஷம் யோசிக்கவே இல்லை. பேனா தானாக ஓடியது. முதல் கேள்வி: 'நீ தனியாக இருக்கும்போதும் இப்படித்தான் சிரிப்பாயா?' இரண்டாவதும் மூன்றாவதும் அதைவிடக் கொஞ்சம் காரம். நான்காவதை இங்கே எழுத மாட்டேன். அதை எழுதியபோது குருவி எதிரே உட்கார்ந்து எனக்காகப் பழம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

என் நம்பர் ஏழு. நம்பர் ஒவ்வொரு கோடையும் ஒன்றிலிருந்து தொடங்கும். ஏழாம் நம்பருக்கு ஏழாம் அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவர்க் கடிகாரம், ஒரு பக்கச் சுவரில் பெரிய கண்ணாடி. அது ஒருவழிக் கண்ணாடி. உள்ளே இருப்பவர்களுக்கு முகம் பார்க்கும் கண்ணாடியாகத் தெரியும். பின்னால் ஒரு குறுகலான அறை, அங்கிருந்து பார்த்தால் ஜன்னல் மாதிரி எல்லாம் தெரியும். உறைகளை வைக்கும் இரும்பு பீரோ அந்தக் குறுகலான அறையில்தான் இருந்தது. ஏழாம் அறைக் கண்ணாடிக்கு நேர் பின்னால்.

முதல் புதன்கிழமை. சரியாக மூன்று மணி.

என்னிடம் வந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். பருத்திப் புடவை, கையில் ஒரு துணிப்பை. கல்யாணமாகி இரண்டு வருஷம். கணவருக்கு இது இரண்டாம் கல்யாணம். முதல் மனைவி நோயில் போய்விட்டாள்.

"அவங்களைப் பார்த்ததுகூட இல்லைங்க. ஆனா வீடு பூரா அவங்கதான். உயிரோட இருக்கறவளா இருந்தா சண்டையாவது போடலாம். செத்தவங்களோட எப்படிங்க போட்டி போடறது? அவங்க இனிமே தப்பே பண்ண மாட்டாங்களே."

நல்ல இடம். மடையை அங்கே திறந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? "தூக்கம் எப்படி? பசி எடுக்குதா?" என்று பட்டியல் வாசித்தேன். அவள் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னாள். நாற்பத்தொரு நிமிடத்தில் என் கேள்விகள் தீர்ந்துபோயின. கடிகாரத்தைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தேன்.

திடீரென்று அவளே பேச ஆரம்பித்தாள். "ஆமாங்க... கூடத்து விளக்கு விடியற வரைக்கும் எரியும். அணைச்சா அவருக்குத் தூக்கம் வராது. எனக்கு வெளிச்சம் இருந்தா வராது. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை..." சொல்லிவிட்டு அழுதாள். தானாகத் திறந்துகொண்டாளே என்று நினைத்தேன்.

மாலை ஐந்து இருபதுக்கு விடுதியில் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு தட்டச்சு செய்ய உட்கார்ந்தேன். நாற்பத்தொன்றாவது நிமிடம் வரை என் விசாரணை. பிறகு மௌனம். 9 நொடி... 10... 11...

"அவர் இன்னும் கூடத்து விளக்கை எரியவிட்டுத்தான் தூங்கறாரா?"

ஒரு பெண் குரல். மெதுவாக, தெளிவாக, மைக்குக்கு மிக அருகில்.

என் குரல் இல்லை.

திரும்ப ஓட்டினேன். நாற்பத்திரண்டாவது நிமிடம். கேள்வி. அதற்குப் பிறகுதான் அந்தப் பெண்ணின் "ஆமாங்க..."

எனக்குப் பயம் வரவில்லை. கோபம் வந்தது. குருவிதான். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஏதாவது வயர் வழியாகப் பேசி மூக்கை நுழைத்திருக்கிறாள். கட்டிலில் கவிழ்ந்து படித்துக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன்.

"மூணு மணிக்கு எங்கே இருந்தே?"

"நூலகத்துல அக்கா. மேடம்கூட. எனக்குச் சந்திப்பு காலையிலதானே. ஏன்?"

"சும்மா."

மேடமும் கூடவே இருந்தார் என்பதைச் சேர்த்துச் சொன்னாளே, அது வேறு எரிந்தது.

இப்போது சொல்லப்போவதுதான் நான் செய்த தப்பு. கேள்வி அங்கே இருந்தது. பதிலும் இருந்தது. கேள்வியை விட்டால் பதில் அந்தரத்தில் நிற்கும். அறையில் இருந்தது நாங்கள் இரண்டு பேர். அதனால் அந்தக் கேள்வியை என் பேச்சாகவே அடித்தேன். 'இன்னும்' என்ற ஒரு சொல் மட்டும் இடித்தது. முதல்முறை பார்க்கிற நான் 'இன்னும்' என்று எப்படிக் கேட்டிருக்க முடியும்? அதை எடுத்துவிட்டேன். கையெழுத்துப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் மேடம் அந்தப் பக்கத்தை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். "நாற்பது நிமிஷம் குப்பை. ஆனா இந்த ஒரு கேள்விக்காக அதை மன்னிக்கலாம். பதினோரு நொடி காத்திருந்து கேட்டிருக்கா பாருங்க."

நான் குருவியைப் பார்த்தேன். முதல் தடவையாக அவள் சிரிப்பு ஒரு நொடி தடுமாறியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

இரண்டாவது புதன்கிழமை.

இந்த முறை நான் வேண்டுமென்றே இடம் விட்டேன். மூன்று நாற்பத்தொன்றுக்குப் பேச்சை நிறுத்தினேன். கடிகாரத்தின் டிக்... டிக்... மட்டும். மின்விசிறிக் காற்றில் மேசைமேல் இருந்த தாள் லேசாக எழும்பி எழும்பி விழுந்தது.

மூன்று நாற்பத்திரண்டு. தாள் அசைவது நின்றது. மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

அந்தப் பெண் நிமிர்ந்தாள். "நூல் கோத்துத் தரச் சொல்லுவார். நான் கோத்தா முடிச்சு சரியில்லைம்பார்..."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மாலையில் பதிவில் கேட்டது.

"கோபம் வந்தா சட்டைப் பொத்தானைப் பிச்சுட்டு, உட்கார்ந்து திரும்பத் தைப்பாரே. நூல் கோத்துத் தரச் சொல்றாரா?"

எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். வெள்ளிக்கிழமை வகுப்பில் மேடம் அதையும் வாசித்துக் காட்டி, பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் 'அருமை' என்று எழுதினார். அன்று ராத்திரி சாப்பிடும்போது குருவி கேட்டாள்.

"எப்படிக்கா? பொத்தான் விஷயம் எப்படிக்கா உங்களுக்குத் தெரிஞ்சது?"

"அனுபவம்" என்றேன். "உனக்குக் கல்யாணம் ஆகட்டும், தெரியும்."

அவள் முகம் சுருங்கியது. அந்தக் கோடையிலேயே எனக்குப் பிடித்த சாப்பாடு அதுதான்.

ஆனால் படுத்த பிறகு வேறொன்று அரித்தது. குருவியை விட்டுவிட்டேன். இப்போது அந்தக் குரலைக் கண்டால்தான் எனக்கு ஆகவில்லை. இரண்டு சந்திப்பிலும் நான் கேட்ட நூற்றுக்கணக்கான கேள்விகளை யாரும் சீண்டவில்லை. அவள் கேட்டது இரண்டே இரண்டு. அவளுக்குத்தான் 'அருமை'. யாரடி நீ? என் நாற்காலியில் உட்கார்ந்து என்னைவிட நன்றாகக் கேட்க நீ யார்? பேயோ மனுஷியோ, அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. என்னைவிடக் கெட்டிக்காரியாக இருந்தாளே, அதுதான் தாங்கவில்லை.

மூன்றாவது புதன்கிழமை. நானே ஜெயித்துக்காட்டுவது என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து கேள்விகள் தயாரித்து வைத்திருந்தேன். சாட்சிக்கு ஒரு ஆள் வேண்டும் என்று குருவியையே கண்ணாடிக்குப் பின்னால் உட்காரச் சொன்னேன்.

மூன்று பத்துக்கு என் முதல் கேள்வியைக் கேட்டேன். அந்தப் பெண் கையில் இருந்த துணிப்பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தாள். இரண்டாவது. மூன்றாவது. பதில் வரவில்லை.

"தப்பா நினைச்சுக்காதீங்க" என்றாள். "கடைசியில ஒண்ணு கேட்பீங்கல்ல... அந்த மாதிரி கேளுங்களேன். அப்பத்தான் எனக்குப் பேச வருது."

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

மூன்று நாற்பத்திரண்டு. தாள் அசைவது நின்றது. அவள் முகம் வெளுத்தது.

"போட்டுட்டேன். போன மாசம். பழைய சாமானோட தூக்கிப் போட்டேன். நான்... அவர்கிட்டகூடச் சொல்லலையே..."

அவள் போன பிறகு குருவி ஓடிவந்தாள். கண்ணெல்லாம் ஆச்சரியம்.

"பிரமாதம்கா. அந்தப் பொத்தான் டப்பா கேள்வி... எங்கேயிருந்துக்கா பிடிக்கறீங்க?"

"நான் கேட்டதைப் பார்த்தியா?"

"பார்க்காம? முன்னால குனிஞ்சு, அவங்க கண்ணைப் பார்த்து, எவ்வளவு மெதுவா கேட்டீங்க."

"என் வாய் அசைஞ்சுதா?"

"அசையாம எப்படிக்கா பேசுவாங்க?" சிரித்தாள். "நீங்க இடது கைக்காரங்கன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சது. பேனாவை அந்தக் கையில மாத்திக்கிட்டீங்களே."

நான் வலது கைக்காரி.

பேசாமல் காதுக்கருவியை அவள் காதில் மாட்டி, நாற்பத்திரண்டாவது நிமிடத்தை ஓட்டினேன்.

"சமையலறை மேல்தட்டுல, மூடி உடைஞ்ச டப்பா ஒண்ணு இருக்குமே. பொத்தான் போட்டு வச்சது. அதைத் தூக்கிப் போட்டுட்டீங்களா?"

குருவியின் சிரிப்பு நின்றது. மறுபடி கேட்டாள். மறுபடியும்.

"இது உங்க குரல் இல்லைக்கா."

"தெரியும்."

"ஆனா... நீங்கதான் பேசினீங்க. நான் பார்த்தேன்."

"தெரியலை."

"மேடம்கிட்ட சொல்லிடலாம்கா."

சொன்னால் என்ன ஆகும்? இரண்டு பிரதியிலும் என் பொய்க் கையெழுத்து இருக்கிறது. அன்றைக்கே மூட்டை கட்ட வேண்டியதுதான். என் மகள் போனில் "அம்மா, இதான் கடைசிக் கோடைதானே?" என்று கேட்ட குரல் காதில் நின்றது. அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை.

"என்னைப் பாராட்டறது உனக்குத் தாங்கலை. அதானே சொல்லத் துடிக்கறே?"

குருவி என்னையே பார்த்தாள். அவள் கண் நிறைந்தது. "உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்கா" என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து என்னிடம் வந்து சிரிக்கவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை.

நான்காவது புதன்கிழமை. கடைசிச் சந்திப்பு.

ஒரு முடிவோடு போனேன். இடமே கொடுக்கக் கூடாது. மூன்று நாற்பதிலிருந்து மூன்று ஐம்பது வரை மூச்சு விடாமல் நானே பேசிவிட வேண்டும். தேறினாலும் தேறாவிட்டாலும், என் வாயால் பேசியதற்கு.

அந்தப் பெண் அன்றைக்கு ஒரு தெளிவோடு வந்திருந்தாள். "அந்த டப்பாவைத் தேடி எடுத்துட்டேங்க. பின்கட்டுல பழைய சாமானோடதான் கிடந்தது. கழுவி, மேல்தட்டுலயே வச்சுட்டேன். அவங்களும் இருந்துட்டுப் போகட்டும்."

மூன்று நாற்பது. பேச ஆரம்பித்தேன். உங்க அம்மா வீடு எவ்வளவு தூரம்? கூடப்பிறந்தவங்க எத்தனை பேர்? பள்ளியில எதுவரைக்கும் படிச்சீங்க?

மூன்று நாற்பத்தொன்று. பேசிக்கொண்டே இருந்தேன்.

மூன்று நாற்பத்திரண்டு.

தாள் அசைவது நின்றது.

நான் பேசுவது எனக்குக் கேட்டது. ஆனால் அவள் என்னைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள்... ஆனால் என்னை இல்லை. என் கேள்வி அவளுக்கு எட்டவே இல்லை. தலையைச் சாய்த்து, வேறு எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

கண்ணாடியைப் பார்த்தேன்.

அதில் இருந்தவள் என் புடவைதான் கட்டியிருந்தாள். என் முகம்தான்.

பேனா என் வலது கையில் இருந்தது. அவளுக்கு... என் இடது கைக்கு நேரெதிரே இருந்த கையில்.

நான் பேச்சை நிறுத்தினேன்.

அவள் உதடு நிற்கவில்லை.

டிக்...

டிக்...

உதடு மூடியது. அவள் மெல்லத் திரும்பி, என்னைப் பார்த்தாள்.

எதிரே உட்கார்ந்திருந்த பெண் பெருமூச்சு விட்டாள். அழவில்லை. அமைதியாகப் பதில் சொன்னாள்.

"இருந்துச்சுங்க. ஆனா உங்களுக்கு என்மேல இருக்கற அளவுக்கு இல்லை."

எழுந்து, கும்பிட்டுவிட்டுப் போனாள். அப்போது மூன்று நாற்பத்து நான்கு.

பதிவைப் பட்டப்பகலில், கூட்டம் நிறைந்த வராந்தாவில் வைத்துத்தான் கேட்டேன். நாற்பது நிமிடத்தோடு என் குரல் நின்றுவிடுகிறது. நான் பேசினேன். சத்தியமாகப் பேசினேன். தூரம், கூடப்பிறந்தவர்கள், பள்ளி... ஒன்றுமே அதில் இல்லை. மௌனம். நூற்றுப் பதினான்கு நொடி. அதன் பிறகு அந்தக் குரல்.

"உங்களுக்கு என்மேல பொறாமையா இருக்கா?"

எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். தேறினேன். அந்தக் கோடையின் சிறந்த பிரதி என்னுடையது என்றார் மேடம். குருவி இரண்டாவது. எல்லோரும் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள்.

கடைசி நாள். பதிவறையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் பீரோவைத் திறந்து ஆளுக்கு ஓர் உறை கொடுத்தார். ஏழு என்று போட்டிருந்ததை வாங்கிப் பையில் திணித்துக்கொண்டு வண்டி ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, மகளைத் தூங்கவைத்துவிட்டு, கிழிக்கலாம் என்று எடுத்தேன். கிழிப்பதற்கு முன் ஒரு தடவை படிக்கலாமே என்று பிரித்தேன்.

என் எழுத்து இல்லை.

எழுத்துகள் எல்லாம் இடது பக்கம் சாய்ந்திருந்தன. தாள் பழுத்திருந்தது. மேலே தேதி. ஒன்பது வருஷத்துக்கு முந்தைய கோடை.

'நான் பொறாமைப்படும் நபர்: எனக்குப் பிறகு என் வீட்டுக்கு வரப்போகிறவள்.

ஒன்று. அவர் இன்னும் கூடத்து விளக்கை எரியவிட்டுத்தான் தூங்குகிறாரா?

இரண்டு. கோபம் வந்தால் பொத்தானைப் பிய்த்துத் தைப்பாரே, உன்னிடம் நூல் கோத்துத் தரச் சொல்கிறாரா?

மூன்று. மேல்தட்டில் என் பொத்தான் டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டாயா?

நான்கு. உனக்கு என்மேல் பொறாமையா? எனக்கு இருக்கிறது.'

எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. முதல்முறையாக நேரம் குறிக்கவில்லை.

மறுநாள் மேடத்தைக் கூப்பிட்டேன். ஒன்பது வருஷத்துக்கு முந்தைய ஏழாம் நம்பர் யார் என்று கேட்டேன். மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"சேரும்போதே நோய்னு அவளுக்குத் தெரியும். நாலாவது வாரம் கிளம்பிப் போனா. நாலு சந்திப்பை முடிக்கணும்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தாளாம். ஏன் கேட்கறே?"

"இடது கைப் பழக்கமா மேடம்?"

"...உனக்கு யார் சொன்னா?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பொய்க் கையெழுத்தையும் சேர்த்து. மேடம் என்னைத் திட்டவில்லை. அரை மணி கழித்து அவரே கூப்பிட்டார். இரண்டு படிவங்களை எதிரே வைத்திருந்தார். ஒன்று அந்த மாணவியின் சேர்க்கைப் படிவம். இன்னொன்று என்னிடம் வந்த பெண் கையெழுத்திட்ட சம்மதப் படிவம். இரண்டிலும் 'கணவர் பெயர்' என்று ஒரு கட்டம் உண்டு.

ஒரே பெயர். ஒரே முகவரி.

"அந்த உறை உன்கிட்ட எப்படி வந்துச்சுன்னுதான் புரியலை" என்றார். "திரும்ப வாங்காத உறையெல்லாம் பீரோவோட அடித்தட்டுல இருக்கும். அந்தத் தட்டுக்குச் சாவி தொலைஞ்சு ஏழெட்டு வருஷம் ஆச்சு."

"அப்ப என் உறை எங்கே மேடம்?"

பதிவறை அண்ணன் மேல்தட்டு முழுவதும் தேடினார். இல்லை. அடித்தட்டை உடைத்தே பார்த்தார். அது காலியாக இருந்தது.

சான்றிதழை நான் வாங்கவில்லை. மேடம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வந்து வாங்கிக்கொள் என்றும் சொல்லவில்லை. பழையபடி பள்ளிக்கே போகிறேன். கணவர் காரணம் கேட்டார், சொன்னேன். அதன் பிறகு வீட்டில் குருவி பேச்சை அவர் எடுப்பதில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

குருவியை அந்த நிலையத்திலேயே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். அடுத்த கோடையில், ஒரு புதன்கிழமை, மாலை ஐந்து பத்துக்கு அவள் போன் வந்தது. பதினோரு மாதம் கழித்து.

"அக்கா..."

"சொல்லும்மா."

"எனக்கு ஏழாம் அறை குடுத்திருக்காங்க."

போனோடு வாசலுக்கு வந்தேன்.

"இன்னிக்கு நாற்பத்திரண்டாவது நிமிஷத்துல ஒரு குரல் பதிவாகியிருக்கு. எதிர்ல இருந்தவங்ககிட்ட இல்லைக்கா... என்கிட்ட கேட்குது."

"என்ன கேட்குது?"

சொன்னாள்.

"'நீ தனியா இருக்கும்போதும் இப்படித்தான் சிரிப்பியா?'"

அது யாருடைய குரல் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அது என் குரலாக இல்லாவிட்டால், பதினோரு மாதம் கழித்து என்னை ஏன் கூப்பிட்டிருக்கப்போகிறாள்?

"அக்கா... உங்களுக்கு என்மேல என்ன கோபம்?" என்று கேட்டாள். சின்னப் பெண்ணின் குரலில் கேட்டாள்.

கோபம் இல்லை என்றேன். அழுதேன். அந்த அறைக்குப் போகாதே என்று கெஞ்சினேன். சரி என்றாள். ஆனால் வருகிற புதன்கிழமையும் அதே அறைதான் என்று நிலையத்தில் சொல்லியிருப்பதாக இப்போதுதான் செய்தி அனுப்பியிருக்கிறாள்.

இன்னும் மூன்று கேள்வி இருக்கிறது.

நான்காவதை நான் எழுதியிருக்கவே கூடாது.